கிருபைராஜுக்குத் தெரிந்த தகாலோக்

நாலு பாஷை தெரியும் என்று சொல்லிக்கொள்கிற ஆளை லேசில் நம்பக் கூடாது. அதிலும் நாலாவது பாஷை எது என்று நாம் கேட்பதற்குள் அவரே சொல்லிவிடுகிற ஆளாக இருந்தால் கிட்டவே போகக் கூடாது. அமெரிக்காவில், ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் இருக்கிற கிருபைராஜ் அந்த ரகம். தமிழ், இங்கிலீஷ், கொஞ்சம் அரபி, நாலாவதாகத் தகாலோக். பிலிப்பைன்ஸ்காரர்கள் பேசுகிற பாஷை. ஹூஸ்டனில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு பிலிப்பினோ நர்ஸைக் கண்டுவிட்டால் அவர் நாக்கு சும்மா கிடக்காது, இரண்டு வார்த்தை எடுத்து விடுவார். அந்த நர்ஸும் ஒரு நொடி நின்று, பல் தெரியாமல் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். "பாத்தியா, அசந்துட்டா" என்பார் மனைவி ஜெபராணியிடம். அவள் அசந்தது வேறு காரணத்துக்கு என்று தெரிந்துகொள்ள மனுஷனுக்கு அறுபத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது.

ஊர் நாசரேத். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருஷம் சவூதியில், ஜுபைலில், எண்ணெய்க் குழாய் போடுகிற வேலையில் ஃபோர்மேன். அவருக்குக் கீழே அறுபது பேர், அதில் பாதிக்கு மேல் பிலிப்பினோக்கள். பாஷை அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு ஹூஸ்டனுக்கு வந்து, கிரீன் கார்டு வாங்கி, வீடு வாங்கி, தமிழ்ச் சபையில் மூப்பராகி, ஒரே மகன் காலேபைப் பிசியோதெரபிஸ்ட் ஆக்கினார். அந்தக் காலேப்தான் போன வருஷம் வந்து, கூட வேலை பார்க்கிற ஜாய்லின் பங்கனிபான் என்கிற பிலிப்பினோப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றான்.

ஜெபராணி மூன்று நாள் அழுதாள். "அவங்க ஆர்.சி.யாச்சே" என்பதுதான் அவளுடைய முதல் அழுகை. கிருபைராஜ் அழவில்லை. "நமக்கு அவங்க பாஷையே தெரியும், பிறகென்னட்டி?" என்றார். பெருமையாகவே சொன்னார்.

காலேபுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். அவன் அப்பாவை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னான். அவர்கள் வழக்கத்தில் பமமன்ஹிக்கான் என்று ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா அம்மா பெண் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், பெண்ணின் அப்பாவிடம் வாயைத் திறந்து கேட்க வேண்டும், உங்கள் மகளை எங்கள் மகனுக்குத் தருவீர்களா என்று. அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு. ஜாய்லினுக்கு அவள் அப்பாவின் வார்த்தை முக்கியம். "ஹில்க்ராஃப்ட் இந்தியக் கடையில் இரண்டு ட்ரே பிரியாணி, ஒரு ட்ரே சிக்கன் ஆர்டர் பண்ணிட்டேன். எனக்கு ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வரணும். நீங்க மட்டும் பிக்கப் பண்ணிட்டு வாங்க, போதும்" என்றான்.

கிருபைராஜ் தலையை ஆட்டினார். அவன் அந்தப் பக்கம் போனதும் ஜெபராணியிடம் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரன் சோத்துச் சட்டியைத் தூக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போன கதையை நீ எங்கயாவது கேட்டிருக்கியா? நாம பொண்ணு பாக்கப் போறோம். நம்மளை உக்காரவெச்சு அவங்கதான் பரிமாறணும். சின்னப் பையனுக்கு என்ன தெரியும்?" உடனே கடைக்கு ஃபோன் போட்டு ஆர்டரைக் கேன்சல் பண்ணினார். தவளையும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் அதற்கு முன்னாடியே கையாலும் கெட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து ஊரான மிசௌரி சிட்டியில் இருக்கிற பங்கனிபான் வீட்டுக்குப் போய் இறங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னது, போனது முக்கால் மணி நேரம் கழித்து. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றால் மரியாதை இருக்காதாம். ஜெபராணி கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. காலேப் முன்னாடியே வந்து வாசலில் நின்றான். அப்பாவின் கையைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் காரைப் பார்த்தான். "நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தார் கிருபைராஜ்.

ஜாய்லின் வந்து குனிந்து, அவர் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அது அவர்கள் பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை. கிருபைராஜுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அறுபது பேரோடு பதினோரு வருஷம் இருந்திருக்கிறார், ஒருத்தன்கூட அவர் கையை அப்படி எடுத்ததில்லை. அவளுடைய அம்மா நெனிடா, ரிட்டயரான நர்ஸ், ஜெபராணியைக் கட்டிக்கொண்டாள். அப்பா ரோமியோ நரைத்த தலை, ஒல்லியான உடம்பு, ஒரு முழங்காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறவர். பள்ளிக்கூடங்களில் குழாய் ரிப்பேர் பார்க்கிற வேலை.

நீளமான சாப்பாட்டு மேஜை. ஒரு பாதியில் நூடுல்ஸ், ஸ்பிரிங் ரோல் மாதிரிப் பொரித்த லும்பியா, முழு மீன், கோழி, சோறு. மறு பாதியில் வெள்ளைத் துணி விரித்து, சூட்டுப் பாத்திரம் வைக்கிற மரப் பலகை மூன்றை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் ஒரு பெரிய கரண்டி. வேறொன்றும் இல்லை. மூன்று பலகை, மூன்று ட்ரே என்று கணக்குப் போட அவருக்குத் தோன்றவில்லை.

உட்கார்ந்ததும் மனைவி பக்கம் சாய்ந்து, குரலைத் தணிக்காமலே தமிழில் சொன்னார்: "பாதி மேஜை காலியாக் கெடக்கு பாத்தியா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாரோம்னு தெரிஞ்சும் இம்புட்டுதான். பள்ளிக்கூடத்துல பைப் மாட்டுற ஆளு, வேற என்னத்தச் செய்வாரு?"

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. தமிழ் என்பது கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற பாஷை என்று நினைப்பு. எதிரே ஆளை வைத்துக்கொண்டே அவர் சட்டையிலிருந்து சம்பளம்வரை பேசுவார்கள். ஜெபராணி மேஜைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினாள். காலேபின் காது சிவந்துவிட்டது. ரோமியோ எழுந்தார். அந்த மூன்று பலகைகளையும் எடுத்து அலமாரிக்குள் வைத்தார். பிறகு மீனை இந்தப் பக்கம் நகர்த்தி, சோற்றை நடுவில் தள்ளி, லும்பியாவை இரண்டு தட்டாகப் பிரித்து, மேஜை முழுக்கப் பரப்பினார். இப்போது காலி இடம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஆள் சுறுசுறுப்புதான் என்று கிருபைராஜ் நினைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் தன் வித்தையை எடுத்துவிட்டார். ரோமியோ தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனார், முழங்கால் வலியால் மெதுவாகத் திரும்பிவந்தார். கிருபைராஜ் கைதட்டி, "பிலிசான் மோ, பிலிசான் மோ!" என்றார். சீக்கிரம் ஆகட்டும் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே, "ஹுவாக் காங் தமாட்" என்றும் சேர்த்துக்கொண்டார். சோம்பேறித்தனம் பண்ணாதே. ஜாய்லினைப் பார்த்து விரலை மடக்கி, "ஹாலிகா தீத்தோ" என்றார். இங்கே வா. ஃபோட்டோ எடுக்கத்தான் கூப்பிட்டார், பாவம்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நெனிடா கரண்டியைச் சோற்றிலேயே விட்டுவிட்டாள். ஜாய்லின் எழுந்து வரவில்லை, காலேபைப் பார்த்தாள். ரோமியோ மட்டும் அதே மெதுவான நடையில் வந்து, தண்ணீர் டம்ளரைக் கிருபைராஜ் முன்னால் சத்தமில்லாமல் வைத்தார்.

"எங்கே கத்துக்கிட்டீங்க, சார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஜுபைல். பதினோரு வருஷம். எனக்குக் கீழே உங்க ஆளுங்க முப்பது, நாப்பது பேர் இருந்தாங்க."

"நானும் ஜுபைல்தான். எண்பத்தொன்பதுல இருந்து தொண்ணூற்றாறு. பைப் ஃபிட்டர்." ரோமியோ உட்கார்ந்தார். "எங்க ஃபோர்மேனும் எங்க பாஷையை இப்படியேதான் பேசுவார். குரல்கூட இதே மாதிரி. ரொம்ப வருஷமாச்சு கேட்டு."

கிருபைராஜ் பதறிப்போய் எந்தக் கம்பெனி என்று கேட்டார். வேறு கம்பெனி. அப்பாடா என்று இருந்தது, ஆனால் அந்த அப்பாடா ஒரு வாய்ச் சோறு இறங்குவதற்குள் தீர்ந்துபோனது. அவர் ஆளாக இல்லாவிட்டால் என்ன, இன்னொரு கிருபைராஜின் ஆள்.

கிளம்புகிற நேரத்தில் ஜெபராணிதான் மெல்ல, கல்யாணத் தேதி என்று ஆரம்பித்தாள். ரோமியோ கோபப்படவில்லை. "ஒரு விஷயம் கேட்க வர்றீங்கன்னு பசங்க சொன்னாங்க. இன்னும் யாரும் கேட்கலையே. கேட்கிற அன்னிக்குப் பதில் சொல்றேன்" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் காலேப் ஃபோன் பண்ணினான். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "அவங்க வீட்டுல உக்காந்து அவங்களையே வேலை வாங்கினீங்க. அம்மாகிட்ட நீங்க தமிழ்ல சொன்னதுகூட எனக்குப் புரிஞ்சது. ஜாய்லின் அவ அப்பா சரின்னு சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்கமாட்டா. நீங்க கேட்காம அவர் எப்படிச் சொல்லுவார்? கேட்கத் தெரியுமா உங்களுக்கு?" என்றான். பிறகு பத்து நாள் அவனிடமிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை. சபையில் கிருபைராஜ் ஜெபம் பண்ண எழுந்து நின்றார், வாயில் வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். மைக்ரேன் என்று ஜெபராணி எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தாள்.

கேட்கத் தெரியுமா என்ற கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஸ்டாஃபோர்டில் ஒரு சர்ச் ஹாலில் சனிக்கிழமை தோறும் தகாலோக் வகுப்பு நடக்கிறது என்று இன்டர்நெட்டில் பார்த்துப் போனார். போனால், எல்லாம் எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள். இங்கே பிறந்து பாஷை வராமல் போன பிலிப்பினோப் பிள்ளைகள். நடுவில் அறுபத்து மூன்று வயது மூப்பர், சின்ன நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தார்.

லூஸ் என்று பெயர் அந்த டீச்சருக்கு, குள்ளமான அம்மாள். தெரிந்த வார்த்தைகளை எல்லாரும் சொல்லுங்கள் என்றாள். பிள்ளைகள் அம்மா, சோறு, பூனை என்று சொன்னார்கள். இவர் முறை வந்தது. பழைய பெருமை எங்கேயோ ஒரு மூலையில் மிச்சம் இருந்திருக்கும் போல, மடமடவென்று பத்தொன்பது வார்த்தை சொன்னார். டீச்சர் ஒவ்வொன்றாகப் போர்டில் எழுதினாள். சீக்கிரம். மறுபடி செய். தூக்கு. இறக்கு. பேசாதே. இன்னும் முடியலையா. சம்பளம் கட். எழுத எழுத அவள் கை மெதுவானது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. கிருபைராஜ் போர்டைப் பார்த்தார். தன் பதினோரு வருஷமும் அங்கே சாக்பீஸில் நின்றது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"சார், இதுல ஒரு வீட்டுக்குள்ள சொல்லக்கூடியது ஒண்ணுகூட இல்லையே" என்றாள் டீச்சர். குத்திக்காட்டவில்லை, உள்ளபடி சொன்னாள். "நன்றின்னு எப்படிச் சொல்றது, தெரியுமா?"

தெரியாது. அவர் யாருக்கும் சொன்னதில்லை.

வகுப்பு முடிந்ததும் அவளே வந்து பக்கத்தில் நின்றாள். "வெட்கப்படாதீங்க. எங்க ஆளுங்க இல்லாத நாடு இல்லை. கப்பல்ல, ஆஸ்பத்திரியில, துபாய்ல, ஹாங்காங்ல, இத்தாலியில வீட்டு வேலையில. போன இடத்துல எல்லாம் யாராவது எங்க பாஷையில நாலு வார்த்தை கத்துக்கிட்டிருப்பாங்க. ரொம்பப் பேர் எங்களை வேலை வாங்கத்தான் கத்துக்குவாங்க. எங்ககிட்ட பேசணும்னு வர்றவங்க கம்மி. நீங்க வந்திருக்கீங்கல்ல" என்றாள்.

வெட்கப்படாதே என்று சொன்னால் வெட்கம் போய்விடுமா? பார்க்கிங்கில் கார் கதவைத் திறக்காமலே நின்றார். நெஸ்தோர் என்று ஒரு வெல்டர் ஞாபகத்துக்கு வந்தான். ஒரு நாள் வேலை நடுவில் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான், அப்பா இறந்துவிட்டார் என்று. மறுநாள் போட்ட குழாய்க்கெல்லாம் லைன் டெஸ்ட். கிருபைராஜ் அவன் பாஷையிலேயே சொன்னார், தபூசின் மோ முனா. முதலில் அதை முடி. எவ்வளவு சரியாகச் சொன்னோம் என்று அன்று ராத்திரி ரூமில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் இருந்தது. அந்தப் பையன் முகமூடியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். உள்ளே அழுதானா என்று யாருக்குத் தெரியும்? கிருபைராஜ் காரில் ஏறி உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

ஏழு சனிக்கிழமை போனார். ஃப்ரீவேயில் டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். நன்றி, உட்காருங்கள், சாப்பிடுங்கள், எப்படி இருக்கிறீர்கள். நாம் பெரியவர்களிடம் 'ங்க' போடுகிற மாதிரி அவர்கள் 'போ' என்று ஒன்று சேர்ப்பார்கள், அதையும் சேர்த்துப் பழகினார். முக்கியமாக ஒரு வாக்கியம். டீச்சர் எழுதிக் கொடுத்த காகிதம் சட்டைப் பையிலேயே கிடந்து மடிப்பில் கிழிந்துபோனது. பிறகு காலேபுக்கு மெசேஜ் அனுப்பினார்: மறுபடி போகலாமா? பிரியாணியை நானே எடுத்து வருகிறேன்.

இந்தத் தடவை பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. மூன்று ட்ரேயையும் இரண்டு நடையாக அவரே தூக்கி வந்து வாசலில் நின்றார். சட்டையில் குழம்பு பட்டுவிட்டது. ஜாய்லின் வந்து கையை எடுத்தபோது விறைக்காமல் கொடுத்தார். ரோமியோ வாசலில் நின்றார். மேஜையின் மறு பாதியில் அதே மூன்று பலகைகள் திரும்ப வந்திருந்தன.

கிருபைராஜ் உட்காரவில்லை. ரோமியோவுக்கு முன்னால் நின்று, காகிதத்தை எடுக்காமல் சொன்னார்: "ஹினிஹிங்கி போ நாமின் அங் கமாய் நி ஜாய்லின், பாரா கய் காலேப்." உங்கள் மகள் ஜாய்லினை எங்கள் காலேபுக்காகக் கேட்கிறோம், ஐயா. அந்தப் பாஷையில் அவர் யாரிடமாவது ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரோமியோ மகளைப் பார்த்தார், காலேபைப் பார்த்தார். பிறகு "ஓஓ" என்றார். சரி என்று அர்த்தம். நெனிடாவும் ஜெபராணியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். காலேப் வந்து அப்பாவின் முதுகில் கை வைத்தான். கிருபைராஜுக்குப் பத்து வாரப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தார்.

ரோமியோ ட்ரேக்களின் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பலகைமேல் வைத்தார். கரண்டிகளை எடுத்துப் போட்டார். ஒரு நாற்காலியை இழுத்து வைத்து, கிருபைராஜைப் பார்த்து, தமிழில் சொன்னார்:

"இன்னிக்கு மேஜை ரொம்பிருச்சு, அண்ணே. வாங்க, உக்காருங்க, சாப்பிடலாம்."

சுத்தமான தமிழ், கொஞ்சம் ராமநாதபுரத்து வாடையோடு. ஜெபராணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஜாய்லினுக்கு ஆச்சரியமே இல்லை, அப்பாவுக்குத் தமிழ் தெரியும் என்பது அந்த வீட்டில் பழைய செய்தி. காலேபிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாதான் தடுத்து வைத்திருந்தார். "ரூம்மேட் மகாதேவன்" என்று ரோமியோ விளக்கினார், இப்போது இங்கிலீஷில். "ஏழு வருஷம் ஒரே ரூம், ஒரே அடுப்பு. அவனும் ஃபிட்டர்தான். அவன் என் பாஷையைக் கத்துக்கிட்டான், நான் அவன் பாஷையைக் கத்துக்கிட்டேன். வேலை முடிஞ்சு வந்ததும் முதல்ல, சாப்டியான்னுதான் கேட்பான். அதுதான் நான் கத்துக்கிட்ட முதல் வார்த்தை."

கிருபைராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி மேஜை காலி. பைப் மாட்டுற ஆளு. அன்றைக்கு அந்த ஆள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய், மூன்று பலகைகளையும் அலமாரியில் ஒளித்துவைத்து, மீனையும் சோற்றையும் நகர்த்தி நகர்த்திப் பரப்பியது கண் முன்னால் வந்தது. சுறுசுறுப்பு என்று நினைத்தாரே, அந்தச் சுறுசுறுப்பு. காது மடல், கழுத்து எல்லாம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்பார்களே, அது சும்மா சொல்கிற பேச்சில்லை.

மன்னிப்புக் கேட்கிற வார்த்தையையும் டீச்சர் நாலாவது வாரத்திலேயே சொல்லித் தந்திருந்தாள். தேடித் தேடிப் பார்த்தார், நாக்கில் வரவில்லை. சீக்கிரம், தூக்கு, இறக்கு என்று அந்தப் பத்தொன்பதும்தான் முட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் தலையைத் தூக்காமல், தமிழிலேயே, மற்ற யாருக்கும் கேட்காத குரலில், "மன்னிச்சிருங்க" என்றார்.

அதுவும் ரோமியோவுக்குப் புரிந்தது. அவர் கிருபைராஜின் தட்டை எடுத்துப் பிரியாணியைப் போட்டுக் கொடுத்தார்.